அவர் நடந்து போக ஒரு விளையாட்டு

பெரிய கடை வீதியை ஒட்டிய ஒரு சந்தில், கல்யாணப் பத்திரிகை அச்சடித்துத் தரும் கடையில் நான் வேலை பார்க்கிறேன். பத்திரிகையைக் கணினியில் வடிவமைப்பது என் பொறுப்பு. இப்போதெல்லாம் அச்சடித்த பத்திரிகையோடு, செல்போனில் அனுப்புவதற்கு அசையும் பத்திரிகை ஒன்றையும் கேட்கிறார்கள். பூ உதிரும், விளக்கு எரியும், மணமக்களின் பெயர் ஒவ்வோர் எழுத்தாக வந்து நிற்கும். அதையும் நானே செய்கிறேன். படத்தை அசைய வைப்பதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நிரல் எழுதுவது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்போது தெரியாது.

வீடு பாலக்கரையில். கீழே மைத்துனர் குடும்பம், மாடியில் நான். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என் கணவர் வளைகுடாவில் ஒரு பெரிய கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்க்க எனக்கு மனசு வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு அழைப்பார். இங்கே சாயங்காலம் ஆகியிருக்கும். சாப்பிட்டாயா என்று அவர் கேட்பார், ஆச்சு என்பேன். வெயில் எப்படி என்று நான் கேட்பேன், அப்படியேதான் என்பார். மகள் பேசினாளா, மைத்துனருக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா. அதற்குமேல் இருவரும் மாறி மாறி "அப்புறம்" என்போம். சண்டை ஒன்றும் கிடையாது. சொல்வதற்குத்தான் எதுவும் அகப்படாது.

ஒரு வெள்ளிக்கிழமை நானே முந்திக்கொண்டு அழைத்தேன். எடுத்தவர் கொஞ்சம் கூச்சத்தோடு, செல்போனில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். சுடுகிற விளையாட்டு இல்லை. கார்ட்டூன் மனிதன் ஒருவன் ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறான். நாம் அவனை அங்கே இங்கே நடக்க வைத்து, அலமாரியைத் திறந்து, சாவி தேடி, எதிர்ப்படுகிறவர்களிடம் பேசி, அவனை வெளியே கொண்டுவர வேண்டும். ஒரு பெட்டியை எப்படித் திறந்தேன் என்று பத்து நிமிடம் விடாமல் சொன்னார். அவர் அத்தனை நேரம் பேசிக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கடைசியில், "எல்லாத்துலயும் ஏதோ வெளிநாட்டு ஊராத்தான் வருது. நம்ம சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் இப்படி அலைஞ்சா எப்படி இருக்கும்?" என்றார்.

சொன்னதை அவர் அன்றைக்கே மறந்திருப்பார். எனக்கு அது மனசுக்குள்ளேயே இருந்தது.

கடையில் எனக்குப் பக்கத்து இருக்கை லால்குடித் தோழிக்கு. பத்திரிகைக்கான வாசகங்களைத் தட்டச்சு செய்து பிழை திருத்துவது அவள் வேலை. நெல் விவசாயம் செய்யும் குடும்பம், தினமும் ரயிலில் வந்து போகிறாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள், என்னை அக்கா என்பாள். மதியம் இருவரும் சேர்ந்துதான் டிபன் பாக்ஸைத் திறப்போம். அவர் சொன்னதை அவளிடம் சொல்லி, அப்படி ஒன்றை நானே செய்து அனுப்பினால் என்ன என்று தோன்றுகிறது என்றேன். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "எதுலக்கா பண்றது?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது.

வீணாய்ப்போன ஒரு பத்திரிகையின் பின்பக்கத்தில், எங்களுக்குத் தேவையானதை எழுதினோம். நிரல் தெரியாதவளுக்கும் அந்த மென்பொருள் புரிய வேண்டும். என்னுடைய பழைய மடிக்கணினி அதைத் தாங்க வேண்டும். செய்து முடித்தது அவருடைய செல்போனில் திறக்க வேண்டும். நான் மூன்றோடு நிறுத்தினேன். அவள் பேனாவை வாங்கி, "தமிழ் உடையாமல் வர வேண்டும்" என்று நான்காவதாக எழுதினாள். அது தானாகவே வரும் என்றேன். தமிழ் எழுத்துருக்களோடு பன்னிரண்டு வருடம் போராடியவள் அவள். எழுதியதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

முதலில் எடுத்தது, வீடியோக்களில் எல்லோரும் சிபாரிசு செய்த பெரிய மென்பொருள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் இறங்கிக்கொண்டே இருந்தது. திறந்ததும் மடிக்கணினியின் விசிறி அரிசி மில்லைப் போல இரைந்தது. திரை நிறையக் கட்டங்கள், அம்புக்குறிகள், எதைத் தொட்டாலும் சிவப்பில் ஒரு வரி. இரண்டு வாரம் முட்டி மோதி நான் செய்தது, ஒரு சதுரப் பெட்டி மேலிருந்து கீழே விழுவது மட்டும்தான். அதைக் கற்றுத்தரும் வீடியோவில் பேசியவர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் "இது ரொம்ப சிம்பிள்" என்பார். அந்த வார்த்தை வரும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கும். மூளைக்கு வயசாகிவிட்டது என்று முடிவுகட்டி, தோழியிடம் விட்டுவிடலாம் என்றேன்.

அவள் திரையை மேலும் கீழும் பார்த்தாள். "மண்டபத்து அடுப்பைப் பத்தவச்சு ஒரு தோசை சுடப் பாக்குறோம்க்கா. தப்பு நம்ம மேல இல்ல. சின்ன அடுப்பாத் தேடுவோம்" என்றாள்.

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். குறை என்னிடம் இல்லை, தேர்ந்தெடுத்ததில்தான் என்று ஒருவர் சொல்லக் கேட்பது அவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது, படமே இல்லாதது. கதையைத் துண்டு துண்டாக எழுதி, எதை அழுத்தினால் எந்தத் துண்டுக்குப் போக வேண்டும் என்று கோடு போட்டு இணைத்துவிட்டால் போதும். ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டோம். தமிழும் அழகாக வந்தது. கதையை அதில்தான் முதலில் எழுதினேன். வளைகுடாவிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வருகிறார். பாலக்கரை வீடு பூட்டியிருக்கிறது. மனைவி, பத்திரிகையின் மாதிரிக்கு ஒப்புதல் வாங்க ஸ்ரீரங்கம் போயிருக்கிறாள் என்று கீழ்வீட்டில் சொல்கிறார்கள். செல்போனில் சார்ஜ் இல்லை. பெட்டியைக் கீழ்வீட்டில் வைத்துவிட்டு அவர் மனைவியைத் தேடிப் புறப்படுகிறார். அவ்வளவுதான் கதை.

அவருக்கு அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "ஆனா படிக்கத்தானே முடியுது. நடக்க முடியலையே" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு நம் தெருவில் நடக்க வேண்டும் போல இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு இலவசமாகக் கிடைப்பவற்றில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்று ஓடிக் குதிக்கும் விளையாட்டுக்கு மட்டும் சரியாக இருந்தது. இன்னொன்று கணினியில் ஓடியது, செல்போனில் திறக்க மறுத்தது. தோழி ரயிலில் வரும்போது இதைப் பற்றியே படித்துக்கொண்டு வருவாள். ஒருநாள் பையைக்கூட வைக்காமல் என்னிடம் வந்து, இந்த மாதிரி நடந்து தேடும் விளையாட்டுக்காகவே செய்த மென்பொருள் ஒன்று இருக்கிறது, கூடவே ஒரு மாதிரி விளையாட்டும் தருகிறார்கள், அதைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றாள்.

அதுதான் எங்களுக்கு அமைந்தது. மடிக்கணினி அதைத் தாங்கியது, செய்தது செல்போனிலும் திறந்தது. பின்னணிப் படத்தைப் போட்டு, அதன்மேல் ஆள் நடக்கக்கூடிய தரையைத் தூரிகையால் பூசிவிட வேண்டும். பூசிய இடத்தில்தான் நடப்பான், சுவரில் ஏற மாட்டான். கதவு, பெட்டி, ஆள் என ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போட்டு, தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். நடந்து போ, பேசு, கொடு, காத்திரு. வீட்டு வேலை சொல்வது போல இருந்தது. முதல் ஒரு மணி நேரத்திலேயே, நான் அவசரமாக வரைந்த குச்சி மனிதன் எங்கள் கடைச் சந்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தான். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

பிறகு வசனத்தைப் போட்டோம். "கோயில்" என்று அடித்தால் கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் புள்ளி வட்டங்களோடு வந்து நின்றது. "ஸ்ரீரங்கம்" என்பதைப் படிக்கவே முடியவில்லை. தோழி எழுதிய நான்காவது நிபந்தனை. எத்தனையோ எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. நடப்பதில் இவ்வளவு நல்லதாக இருக்கும் மென்பொருளை இதற்காக விட்டுவிட வேண்டுமா என்று எனக்குத் துக்கமாகிவிட்டது. அவளுக்கு மட்டும் பதற்றமே இல்லை. அச்சகத்துக்குப் பத்திரிகை அனுப்பும்போது என்ன செய்கிறோம் என்று கேட்டாள்.

என்ன செய்வோம் என்றால், எழுத்தைப் படமாக மாற்றிவிடுவோம். அச்சகத்துக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து உடையாது. ஏனென்றால் அது எழுத்தே இல்லை, படம். தினமும் செய்கிற வேலை. எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. இருநூற்றுச் சொச்சம் வசனங்களை அவள் ஒவ்வொன்றாகப் படமாக்கினாள். மதிய இடைவேளையில் சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கும் அரை மணி நேரம் அவளுக்கு இதிலேயே போனது. எதற்காக இவ்வளவு செய்கிறாய் என்று கேட்டேன். "அண்ணன் படிக்கிறப்போ ஒரு புள்ளி தப்பா இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராதுக்கா" என்றாள். என் கணவரை அவள் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை.

அதே சமயம், அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில், மொழிபெயர்ப்புச் செயலியின் தயவில் ஆங்கிலத்தில் எங்கள் சிக்கலை எழுதியிருந்தேன். மூன்று வாரம் கழித்து, முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். அவருடைய மொழியிலும் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் வருமாம். தானும் இதே இடத்தில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி, ஒரு சிறிய துணைக் கோப்பையும், அதை எங்கே வைக்க வேண்டும் என்று படம் படமாக வழியையும் அனுப்பியிருந்தார். வைத்தோம். "கோயில்" கோயிலாகவே வந்தது. அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்த வாரம் தொழுகையில் அவருக்காகவும் துஆ செய்தேன். தோழி செய்த எழுத்துப் படங்களை மட்டும் நான் நீக்கவே இல்லை. அவள் அடுக்கியிருந்த எழுத்தின் அழகு, மென்பொருள் தானாகப் போட்ட எழுத்தில் இல்லை.

நடை சரியாக வருவதற்கு இன்னும் பாடுபட்டோம். ஓர் அடி எடுத்து வைத்து மறு அடி வைப்பதற்குள் எட்டுப் படம் வரைய வேண்டும். என் மனிதன் கால் தரையில் பாவாமல் வழுக்கிக்கொண்டே போனான். பேய் மாதிரி இருக்கிறான் என்றாள் தோழி. கையில் டிபன் பையைப் பிடித்துக்கொண்டு கடை நடையில் அவளே மேலும் கீழும் நடந்து காட்டினாள், நான் செல்போனில் படம் பிடித்தேன். கடை முதலாளி உள்ளே வந்தவர், என்ன நடக்கிறது என்று கேட்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றார். பிறகு ஒருநாள் என் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "டீக்கடை போர்டுல எழுத்து சின்னதா இருக்கும்மா, செல்போன்ல தெரியாது" என்று மட்டும் சொன்னார். பெரிதாக்கினேன். அவர் சொன்னது சரிதான்.

பின்னணி வரைவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோழியும் நானும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனோம். உத்திர வீதியில் எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். பத்திரிகையின் மாதிரியைக் கண்ணாடி இல்லாமல் பார்க்க மாட்டார், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஒருவரைக் கதையில் சேர்த்தேன். நாயகன் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தால்தான், மனைவி எந்தப் பக்கம் போனாள் என்று அவர் சொல்வார். அவர் வீட்டுக் கதவு, அம்மா மண்டபம் போகிற சாலை, பூக்கடை, பஸ் நிறுத்தம் எல்லாவற்றையும் தோழி படம் எடுத்துக்கொண்டே வந்தாள். அவளோடு அப்படிச் சும்மா நடந்து திரிந்ததில்லை. ஏழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், அவளுக்குப் பாதாம் பால் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒவ்வொரு பகுதியாக முடிய முடிய, அவருக்கு அனுப்பினேன். அதன் பிறகு எங்கள் வெள்ளிக்கிழமை மாறிவிட்டது. கீழ்வீட்டு வாசலைத் தாண்டவே முடியவில்லை, மைத்துனரிடம் எத்தனை முறை பேசினாலும் காபி குடி என்றுதான் சொல்கிறார் என்று முறையிட்டார். அப்போ காபியைக் குடிங்க என்றேன். மறுமுனையில் சிரிப்புச் சத்தம், கூடவே வேறு இரண்டு குரல்கள். அறையில் அவரோடு தங்கியிருப்பவர்களும் விளையாடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. துறையூர்க்காரர் ஒருவர், சத்திரத்தில் துறையூர் பஸ் ஒன்று நிற்கட்டும், ஏற முடியாவிட்டாலும் பரவாயில்லை, பெயர்ப்பலகை தெரிந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். வரைந்தேன். அவர் தன் மனைவிக்கு அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்பினாராம்.

காவிரிப் பாலத்தில் பஸ் போகும் காட்சியைப் பார்த்துவிட்டு, ஆற்றுக்குள் அதென்ன தூண்கள் என்று கேட்டார் என் கணவர். பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டுகிறார்கள் என்றேன். எதுவரை வந்திருக்கிறது, தண்ணீர் வந்தபோது வேலையை நிறுத்தினார்களா, பழைய பாலத்தில் நெரிசல் எப்படி என்று கேட்டுக்கொண்டே போனார். தெரியாததை அடுத்த வாரத்துக்குள் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்காகவே ஒருமுறை பாலத்தில் நடந்துவிட்டு வந்தேன்.

கடைசிக் காட்சி ஸ்ரீரங்கத்துப் பஸ் நிறுத்தம். கூட்டத்தில் மனைவி நிற்கிறாள். அவர் அருகே போய் நிற்கிறார், அவள் திரும்பிப் பார்க்கிறாள். அங்கே அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு எழுத வரவில்லை. தோழி நாலைந்து சொல்லிப் பார்த்தாள். எல்லாம் நாடகம் மாதிரி இருந்தது. மனைவியின் வாய் அசையும்படி வரைந்து, வசனம் இல்லாமலே அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்கு முன்பே அழைத்தார். "கடைசியில அவ ஏதோ சொல்றா. எழுத்து வரல. என் போன்ல கோளாறா?"

"கோளாறு இல்லங்க. எனக்கு எழுதத் தெரியல. நீங்க எழுதித் தாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதன் பிறகு ஒரு மதியம், கடையில் இருக்கும்போது குரல் செய்தி வந்தது. பின்னணியில் கிடங்கின் இரைச்சல். அவள் இப்படிச் சொல்லட்டும் என்றார்: "கூட்டமா இருக்கு. அடுத்த பஸ்ல போவோங்க. எனக்கு அவசரம் இல்ல."

தோழியிடம் செல்போனைக் கொடுத்துவிட்டு நான் கை கழுவும் இடத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, அந்த மூன்று வரிகளையும் அவள் படமாக்கி முடித்திருந்தாள்.

இந்த வருடம் அவர் லீவில் வந்தார், சொல்லிவிட்டுத்தான் வந்தார். நானும் தோழியும் விமான நிலையத்தில் நின்றோம். வந்த மூன்றாம் நாள் காலை, அந்த மென்பொருளைத் திறந்து காட்டச் சொன்னார். தான் இத்தனை மாதம் நடந்த தரை எது என்று கேட்டார். பச்சை நிறத்தில் பூசியிருந்த தரையைக் காட்டினேன். உத்திர வீதியில் ஒரு கம்பத்தின் ஊடாக அவன் புகுந்து போகிறான், சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று விட்டுவிட்டேன் என்றார். நான் கவனிக்கவே இல்லை. மௌஸை அவர் கையில் கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, கம்பத்தின் அடியைச் சுற்றி அங்குலம் அங்குலமாகப் பச்சையை அழித்தார். அரை மணி நேரம் ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்கு வரும் ஒன்றிரண்டு பேர், கல்லூரிப் பெண்கள், விஷயம் தெரிந்து எந்த மென்பொருள் நல்லது என்று என்னைக் கேட்கிறார்கள். பெயரைச் சொல்வதற்கு முன், யாருக்காகச் செய்கிறீர்கள், அவர்களிடம் என்ன கருவி இருக்கிறது என்று கேட்கிறேன். முதல் மணி நேரத்தில் உங்களை முட்டாளாக உணர வைக்கிற எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், அதைவிடச் சின்னது ஒன்று இருக்கும், தேடுங்கள் என்கிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அல்ஹம்துலில்லாஹ். லால்குடி ரயில் தாமதமாகும் நாட்களில், பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போது, நான் வாசலைப் பார்த்தபடியேதான் வேலை செய்கிறேன். அவள் பையோடு உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு நாள் தொடங்குகிறது.